நாளைய கடல்

நுழையும் முன்

காற்றின் திசையையும் அலையின் போக்கையும் கண்ணால் கண்டே கடலைக் கணித்தவர்கள் நெய்தல் நில மக்கள். கிழக்கிலிருந்து வீசும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வீசுவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வீசுவதைத் தென்றல் என்றும் தமிழர் பெயரிட்டு வழங்கினர். இன்று அக்கணிப்புக்கு ரேடாரும் கணினியும் துணைநிற்கின்றன. கடலின் இன்றைய நிலையை அளப்பது எவ்வாறு, நாளைய நிலையைக் கணிப்பது எவ்வாறு, அக்கணிப்பு யாரைச் சென்றடைய வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கடலில்லா ஊரில் கடல் மையம்

ஐதராபாத்து நகரில் நின்று கடலைக் காண இயலாது. மிக அருகிலுள்ள கடற்கரைக்குச் செல்லவே 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆயினும், வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் நாளை எவ்வளவு உயரமான அலைகள் எழும், நீரோட்டம் எத்திசையில் செல்லும் என்பவற்றை அந்நகரிலிருந்துதான் அறிவிக்கின்றனர். 1999ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அங்கு இயங்குகிறது. இது நடுவண் அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சார்ந்தது. துறைமுகங்கள், கப்பல் நிறுவனங்கள், கடற்படை, கடலோரக் காவல் படை, மீனவர் ஆகியோருக்கு இம்மையம் நாள்தோறும் கடல்நிலை அறிவிப்புகளை வழங்குகிறது.

கடலை விட்டு இத்தனை தொலைவில் இருந்துகொண்டு கடலை அறிவது எப்படி? கடலோர ரேடார்கள், கடலில் மிதக்கும் கருவிகள், விண்ணிலுள்ள செயற்கைக்கோள்கள் ஆகியவை அனுப்பும் அளவீடுகளே அம்மையத்தின் கண்கள். அவ்வளவீடுகளைக் கொண்டு கணக்கிடும் கணினியே அதன் மூளை.

இரண்டு மீட்டர் இடைவெளி

கடல்நிலையை முன்கூட்டியே அறிவது ஏன் இன்றியமையாதது? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

நிலக்கரி ஏற்றிய சரக்குக் கப்பல் ஒன்று துறைமுகத்தை நெருங்குகிறது எனக் கொள்வோம். அதன் அடிப்பகுதி நீர்மட்டத்திற்குக் கீழே 14 மீட்டர் ஆழம் வரை அமிழ்ந்துள்ளது. துறைமுகத்திற்குள் செல்லும் கால்வாயின் ஆழம் 16 மீட்டர். ஆகவே, கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல் தரைக்கும் இடையே 2 மீட்டர் இடைவெளி உள்ளது. கடல் அமைதியாக இருந்தால் இது போதுமானதே.

அலை எழுந்தால் கப்பல் பக்கவாட்டில் சாயும். 40 மீட்டர் அகலமுள்ள கப்பல் 3 பாகை அளவே சாய்ந்தாலும் அதன் ஒரு பக்க விளிம்பு ஏறத்தாழ 1 மீட்டர் கீழிறங்கும். அத்துடன் முன்னும் பின்னும் ஏறி இறங்கும் அசைவும் சேர்ந்தால் எஞ்சிய இடைவெளியும் கரைந்துவிடும். அடிப்பகுதி தரையில் மோதினால் கப்பல் உடைபடலாம். எரியெண்ணெய் கடலில் கலக்கலாம். கால்வாய் அடைபட்டால் பிற கப்பல்கள் உள்ளே வரவும் வெளியே செல்லவும் இயலாமற் போகலாம்.

இத்தகைய நேரத்தில் மீகாமன் முன் இரு வழிகள் உள்ளன. கடல் அடங்கும் வரை வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கலாம். அல்லது உடனே உள்ளே நுழையலாம். காத்திருந்தால் பொருட்செலவு மிகும். நுழைந்தால் இடர் நேரலாம். இவற்றுள் எதைத் தேர்வது என முடிவு செய்ய, இப்போது கடல் எப்படி இருக்கிறது என்பது மட்டும் போதாது. இன்னும் ஆறு மணி நேரத்தில் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

கூம்பு காட்டிய எச்சரிக்கை

1859ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஊர் சேரச் சிறிது தொலைவே எஞ்சியிருந்த நிலையில் வேல்ஸ் கரையோரம் கடும்புயலில் சிக்கி உடைந்தது. நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விபத்து இராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்பவரை வெகுவாகப் பாதித்தது. சார்லஸ் டார்வின் உலகைச் சுற்றிவந்த ‘பீகிள்’ கப்பலின் தலைவராக இருந்தவர் இவரே. கடற்கரை ஊர்களின் வானிலைச் செய்திகளைத் தந்தி வழியே திரட்டி, 1861ஆம் ஆண்டு முதல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை அவர் தொடங்கினார். துறைமுகக் கம்பத்தில் ஏற்றப்பட்ட கூம்பும் உருளையும் மாலுமிகளுக்கு அச்செய்தியை உரைத்தன.

இந்தியாவிலும் துயரமே தூண்டுகோலாயிற்று. 1864ஆம் ஆண்டு கொல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. மறு ஆண்டே அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. 1875ஆம் ஆண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. சென்னையில் கட்டப்பட்டு வந்த துறைமுகத்தின் தடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. அவற்றைப் பின்னர் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. இன்றும் நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் குறிகள் வழக்கில் உள்ளன. பகலில் கூம்பு, உருளை வடிவங்களும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படுகின்றன.

அலையை அளக்கும் அலை

ரேடார் என்பது வானொலி அலையை அனுப்பி, அது பொருளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அப்பொருளை அறியும் கருவி. கடலோரத்தில் நிறுவப்படும் உயர் அதிர்வெண் ரேடாருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது அனுப்பும் அலை உப்பு நீரின் மேற்பரப்பை ஒட்டியே செல்லும். அதனால் தொடுவானத்திற்கு அப்பாலும், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு வரையிலும் கடலை அறிய முடிகிறது.

நியூசிலாந்தைச் சேர்ந்த டக்ளஸ் கிராம்பி என்னும் அறிவியலறிஞர் 1955ஆம் ஆண்டு ஓர் உண்மையை வெளியிட்டார். வானொலி அலையின் நீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடல் அலைகளே அதனை மிக வலிமையாகத் திருப்பி அனுப்புகின்றன என்பதே அது. வானொலி அலையின் நீளம் 68 மீட்டர் எனில், 34 மீட்டர் நீளமுள்ள கடல் அலைகள் அதனைத் திருப்பி அனுப்பும்.

இதனால் என்ன பயன்? ரயில் நிலையத்தில் நிற்பவர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நம்மை நோக்கி விரைந்து வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகக் கேட்கும். நம்மைக் கடந்து சென்றதும் அவ்வொலி தாழ்ந்துவிடும். ஒலி எழுப்பும் பொருளின் வேகமே இம்மாற்றத்திற்குக் காரணம். கடல் அலையில் பட்டுத் திரும்பும் வானொலி அலையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்கிறது. அம்மாற்றத்தை அளந்தால் கடல் அலையின் வேகம் தெரியும்.

34 மீட்டர் நீளமுள்ள அலை, நீரோட்டமில்லாத ஆழ்கடலில் நொடிக்கு ஏறத்தாழ 7.3 மீட்டர் வேகத்தில் செல்லும் என்பது இயற்பியல் விதி. ரேடாரை நோக்கி வரும் அலை நொடிக்கு 7.8 மீட்டர் வேகத்தில் வருவதாக ரேடார் காட்டினால், கூடுதலான அந்த 0.5 மீட்டர் எங்கிருந்து வந்தது? அலையைச் சுமந்து செல்லும் நீரோட்டமே அதற்குக் காரணம். மீனவர் வழக்கில் நீவாடு எனப்படும் நீரோட்டத்தை, நீரைத் தொடாமலே ரேடார் இவ்வாறு அளந்துவிடுகிறது.

ஒரு ரேடார், நீர் தன்னை நோக்கி வருகிறதா, தன்னை விட்டு விலகுகிறதா என்பதை மட்டுமே அறியும். குறுக்கே செல்லும் ஓட்டத்தை அறியாது. எனவே, ரேடார்கள் இணை இணையாக நிறுவப்படுகின்றன. தமிழகக் கரையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் இடைவெளியில் கல்பாக்கத்திலும் கடலூரிலும் ஓர் இணை உள்ளது. ஒரே இடத்து நீரை இரண்டும் வெவ்வேறு கோணத்தில் நோக்குவதால் நீரோட்டத்தின் உண்மையான திசையும் வேகமும் கிடைக்கின்றன. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, குஜராத்து, அந்தமான் ஆகிய கரைகளில் இத்தகைய ஐந்து இணைகளை நிறுவியுள்ளது.

கட்டம் கட்டமாய்க் கடல்

ரேடார் இன்றைய கடலைக் காட்டும்; நாளைய கடலைக் காட்டாது. அதற்கு எண்வழி மாதிரி தேவை. கடலின் இயக்கத்தை விளக்கும் இயற்பியல் விதிகளைக் கணக்குகளாக மாற்றிக் கணினியில் அமைப்பதே எண்வழி மாதிரி.

முதலில் கடற்பரப்பைச் சதுரங்க அட்டை போலச் சிறு கட்டங்களாகப் பிரிப்பர். பின்னர், ஒவ்வொரு கட்டத்திற்கும் அலையாற்றலின் வரவு செலவுக் கணக்கை எழுதுவர். காற்று தரும் ஆற்றலும் அடுத்த கட்டத்திலிருந்து வந்து சேரும் ஆற்றலும் வரவு. அலை உடைவதாலும் ஆழமற்ற தரையில் உராய்வதாலும் குறையும் ஆற்றல் செலவு. எஞ்சி நிற்பது அடுத்த நொடிகளில் அக்கட்டத்தின் அலை உயரத்தை உணர்த்தும்.

கேட்பதற்கு எளிதாக இருப்பினும் இக்கணக்கு மிகப் பெரிது. வங்கக்கடலை 5 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் கட்டங்கள் கிடைக்கும். நொடிக்கு 15 மீட்டர் செல்லும் அலையாற்றல் ஒரு கட்டத்தை ஐந்தரை நிமிடத்தில் கடந்துவிடும். ஆகையால், 5 நிமிடத்திற்கு ஒருமுறையாவது கணக்கிட வேண்டும். அவ்வாறெனில், மூன்று நாள் கணிப்புக்கு 864 முறை. ஒரு லட்சம் கட்டங்களுக்கும் சேர்த்து 8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள்!

கணினி தோன்றாத காலத்தில் இவ்வழியை முயன்றவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர். முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஊர்தியை ஓட்டிவந்த அவர், ஓய்வு நேரங்களில் வானிலையைக் கையால் கணக்கிட்டார். ஆறு மணி நேர மாற்றத்தைக் கணிக்க அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆயிற்று. விடையும் தவறாயிற்று. எனினும், 1922ஆம் ஆண்டு அவர் நூலாக வெளியிட்ட வழிமுறையே இன்றைய கணிப்புகளுக்கு அடித்தளமாக விளங்குகிறது. அவர் தம் தவறான விடையையும் மறைக்காமல் அந்நூலில் வெளியிட்டார்.

கணிப்பைத் திருத்தும் அளவீடு

தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் எப்போது வந்து சேரும் என்பதைத் தொலைவையும் வேகத்தையும் கொண்டு கணக்கிடலாம். வழியில் ரயில் தாமதமானால் அக்கணக்கு பிழையாகும். நாகபுரியை எப்போது கடந்தது, விசயவாடாவை எப்போது கடந்தது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினால், கணக்கு உண்மையை நெருங்கும்.

கடல் கணிப்பும் இத்தகையதே. மாதிரிக்குக் காற்றின் வேகத்தைத் தவறாகத் தந்தால் அலையின் உயரமும் தவறாகும். இன்று நேரும் சிறு பிழை நான்காம் நாளில் பெரும்பிழையாக வளரும். ஆதலால், ரேடார் அளந்த நீரோட்டம், மிதவைக் கருவி அளந்த அலை உயரம், செயற்கைக்கோள் அளந்த கடல்மட்டம் ஆகியவற்றோடு மாதிரியின் விடையை ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கி, 2013ஆம் ஆண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ‘சரல்’ செயற்கைக்கோள் இத்தகைய கடல் அளவீட்டுக்காகவே அனுப்பப்பட்டது.

ரேடாருக்கும் குறைகள் உண்டு. அது நீரின் மேற்பரப்பை மட்டுமே அறியும். பிற வானொலி அலைகளின் குறுக்கீட்டால் சில வேளைகளில் தடுமாறும். மாதிரி அந்த இடைவெளியை நிரப்புகிறது. ரேடார் மாதிரியின் பிழையைத் திருத்துகிறது. இரண்டும் ஒன்றற்கொன்று துணை.

கள்ளக்கடல்

வானம் தெளிவாக இருக்கும். காற்றும் பலமாக வீசாது. ஆயினும், திடீரெனக் கடல் பொங்கிக் கரையேறும். கேரளக் கடற்கரை மக்கள் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். கள்ளனைப் போல் ஓசையின்றி வருவதால் இப்பெயர். 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இச்சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. தென் தமிழகக் கரையிலும் இது நிகழ்வதுண்டு.

இதன் பிறப்பிடம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடி. அங்கு எழும் புயல்கள் நெடிய அலைகளை உருவாக்குகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 18 நொடி இடைவெளியுள்ள அலைகளின் ஆற்றல், ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 6000 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஐந்து நாள் ஆகும். எங்கோ வீசிய புயலை எண்வழி மாதிரி கணக்கில் கொள்வதால், நம் கரையில் எந்நாளில் கடல் பொங்கும் என்பதை முன்கூட்டியே எச்சரிக்க முடிகிறது. உள்ளூர் வானத்தை மட்டும் நோக்குவோர்க்கு இது புலப்படாது.

செய்தி சேரும் இடம்

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையின் தென்கிழக்குக் கரையருகே உருவான தாழ்வு மண்டலம், ஒரே நாளில் ‘ஒக்கி’ புயலாக வலுத்தது. பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்ற படகுகள் அதற்கு முன்பே ஆழ்கடலை அடைந்துவிட்டன. கைப்பேசியின் அலைவரிசை அவ்வளவு தொலைவு எட்டாது. கரையில் ஒலித்த எச்சரிக்கை கடலில் இருந்தோரைச் சென்று சேரவில்லை. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் பலர் வீடு திரும்பவில்லை.

பெரிய கப்பல்களில் செயற்கைக்கோள் வழியாகவும் வானொலி வழியாகவும் செய்தி பெறும் வசதி உண்டு. சிறு படகுகளில் அவ்வசதி இல்லாதிருந்தது. அக்குறையைப் போக்க 2019ஆம் ஆண்டு ‘ஜெமினி’ என்னும் கருவி அறிமுகப்படுத்தப்பட்டது. செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கையைப் பெற்று, படகிலுள்ளவரின் கைப்பேசிக்கு அது தரும். எனினும், செய்தியைப் பெற மட்டுமே அதனால் இயலும்; படகிலிருந்து மறுமொழி அனுப்ப இயலாது. இன்னும் செய்ய வேண்டிய பணிகள் உள்ளன.

கடல்நிலை அறிவிப்பு மூன்று படிகளைக் கடக்க வேண்டும். அளத்தல் முதற்படி, கணித்தல் இரண்டாம் படி, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்த்தல் மூன்றாம் படி. முதல் இரண்டும் செம்மையாக அமைந்தும் மூன்றாவது தவறினால், நடுக்கடலில் நிற்பவருக்கு அவற்றால் பயனில்லை.

சொற்பொருள்

மீகாமன் – கப்பல் தலைவன்
நங்கூரம் – கப்பலை ஓரிடத்தில் நிறுத்த உதவும் இரும்புக் கொக்கி
தொடுவானம் – வானும் கடலும் (அல்லது நிலமும்) தொடுவது போலத் தோன்றும் எல்லை
நீவாடு – நீரோட்டம்
முகடு – உச்சி
மறுமொழி – பதில்

தெரிந்துகொள்வோம்

அறிவிப்பில் ‘அலை உயரம் 2 மீட்டர்’ என்று கூறினால், எல்லா அலைகளும் 2 மீட்டர் உயரம் என்பது பொருளன்று. எழும் அலைகளுள் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியே அவ்வளவு. அவற்றினும் உயர்ந்த அலைகள் இடையிடையே எழும். சில அலைகள் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தையும் எட்டலாம்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கிழக்கிலிருந்து வீசும் காற்று ________ எனப்படும்.
2. தமிழகக் கரையில் உயர் அதிர்வெண் ரேடார் இணை ________, ________ ஆகிய ஊர்களில் உள்ளது.
3. இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றிய ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ரேடார்கள் இணையாக நிறுவப்படுவது ஏன்?
2. கள்ளக்கடல் என்னும் பெயர் ஏற்பட்டதற்குக் காரணம் யாது?
3. எண்வழி மாதிரியில் அலையாற்றலின் வரவு எவை? செலவு எவை?

இ. விரிவான விடை எழுதுக.
1. ‘ரேடாரும் எண்வழி மாதிரியும் ஒன்றற்கொன்று துணை’ என்பதைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. தவறான எச்சரிக்கையை அடிக்கடி கேட்டவர், உண்மையான எச்சரிக்கையையும் நம்பாமல் போகக்கூடும். எச்சரிக்கை தராமல் விட்டாலோ உயிரிழப்பு நேரும். முன்னறிவிப்பாளர் இவ்விரண்டையும் எவ்வாறு எதிர்கொள்ளலாம்? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
நீரோட்டம், முன்னறிவிப்பு, பேரலை, நெடுங்கடல்

உ. கணக்கிடுக.
ஒன்பது அலைகளின் உயரங்கள் (மீட்டரில்): 0.8, 1.0, 1.2, 1.4, 1.5, 1.7, 2.0, 2.4, 2.8. இவற்றுள் உயரமான மூன்று அலைகளின் சராசரியைக் காண்க. ஒன்பது அலைகளின் சராசரியையும் காண்க. மீகாமனுக்கு இவற்றுள் எது மிகுதியும் பயன்படும்? ஏன்?

ஊ. செயல்பாடு
1. கடல், அலை, காற்று, புயல், படகு ஆகியவற்றுக்கு நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் சொற்களைத் தொகுத்துத் தமிழ்ச் சொற்களோடு ஒப்பிடுக.
2. உங்கள் குடும்பத்தின் சொந்த ஊருக்கு அருகிலுள்ள கடற்கரை எது? அங்கு எம்மாதங்களில் கடல் சீற்றம் மிகும் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.